அப்பாவுக்குச் சம்பளம் எவ்வளவு?

முந்தாநாள் ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு கணக்கு இடித்தது. நெட்டில் தேடினால் ஒரு தளத்தில் அருமையான விளக்கம். பாதி படிப்பதற்குள் திரை முழுக்க ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமாம். ஒதுக்கினேன். வயது, ஊர், படிப்பு வரைக்கும் சரி. அப்புறம் குடும்பத்தின் மாத வருமானம். வீட்டில் கார் உண்டா? ஆறு மாதத்துக்குள் கடன் வாங்கும் உத்தேசம் உண்டா? கடைசியில் மொபைல் நம்பர். மூடலாம் என்றால் அந்தப் பெருக்கல் குறி எறும்பு சைஸில் எங்கோ மூலையில்...

ரூம்மேட்டிடம் புலம்பினேன். "ஓசியில படிக்கிறவனுக்கு ரோஷம் வேற" என்றான். எனக்கு எரிச்சலே இந்த வாக்கியத்தின் மேல்தான்.

ஓசி என்று யார் சொன்னது? சர்வர் வாடகை, எழுதுகிறவரின் கூலி எல்லாவற்றையும் யாரோ கட்டுகிறார்கள். 1994-ல் ஹாட்வயர்டு தளத்தில் பேனர் விளம்பரங்கள் வந்ததிலிருந்து பெரும்பாலும் விளம்பரக்காரர்தான் கட்டுகிறார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தினசரிப் பேப்பரிலும் பெரும் செலவை விளம்பரம்தான் தாங்குகிறது. அதற்காகப் பேப்பர் போடும் பையன் வாசலில் நின்று "அப்பாவுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறானா?

சர்வேயே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2012-ல் கூகுள் ஒரு முறை கொண்டுவந்தது. கட்டுரையின் தலைப்பகுதி தெரியும். மீதியைப் படிக்க ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிற கம்பெனி ஒரு பதிலுக்கு 10 சென்ட் கொடுத்தது, அதில் 5 சென்ட் தளத்துக்கு. 2022-ல் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். எரிச்சலூட்டும் முறைதான், ஆனால் என்ன விலை என்று முதலிலேயே தெரியும். எனக்கு வந்த பெட்டியோ மெனு கார்டு இல்லாத ஓட்டல். சாப்பிடும்போதே ஒவ்வொரு கைப்பிடிக்கும் பர்ஸுக்குள் கைவிடுகிறது.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று, உங்கள் போனில் உள்ள காண்டாக்ட் லிஸ்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் சரி என்று அழுத்தியிருந்தாலும் அந்தச் சம்மதம் வைத்தியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும். அப்படியென்றால் ஓவர்ஹெட் கணக்கை விளக்க என் மொபைல் நம்பர் எதற்கு?

சரி, நான் என்ன செய்தேன்? பொய் சொன்னேன். வயது 68, மாத வருமானம் 5 லட்சம், மூன்று கார்! (எங்கள் ஹாஸ்டலில் பலரும் இப்படித்தான்.) அப்போது ஜாலியாக இருந்தது. படுத்த பிறகு உறுத்தியது. காசு கொடுத்துக் குப்பையை வாங்கிய கம்பெனி நாளைக்கு விலகிப் போனால், அடி விழுவது அந்த விளக்கத்தை எழுதிய மனிதருக்கு. சர்வே கம்பெனியைப் பழிவாங்குகிறேன் என்று அவர் இலையிலேயே மண்ணைப் போட்டிருக்கிறேன்.

இனிமேல் பொய் கிடையாது. எல்லை மீறிக் கேட்டால் பதில் சொல்லாமல் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புவதுதான். விக்கிப்பீடியா விளம்பரமே போடாமல் நன்கொடை கேட்கிறது. அதுவும் தொல்லைதான், ஆனால் எதற்குக் கேட்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. அந்தத் தளமும் "பத்து ரூபாய் கொடு" என்று கேட்டிருந்தால்? மாசக் கடைசிதான்... இருந்தாலும் கொடுத்திருப்பேன். கணக்கு புரிந்துவிட்டதே!