இலவசப் பயணத்தின் விலை



பிரான்சிலுள்ள உறவினரைக் காணப் புள்ளிகளாலேயே பறக்கலாமென்று, நம் குருசுக்குப்பத்து வாலிபர் சிலர் நான்கைந்து கிரெடிட் கார்டுகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். முழுத்தொகையையும் உரிய நாளில் செலுத்துகிறவருக்கு அது ஆதாயமே. அதை நான் குறைகூறேன்.

ஆனால், சிறிது பாக்கி வைத்தாலும் வட்டியில்லாக் காலம் அற்றுப்போகும். புதிய செலவுகளுக்கும் வட்டி ஏறும். புள்ளிகளின் மதிப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய். வட்டியோ பல கார்டுகளில் மாதம் 3 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 30 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். நீங்களும் பாருங்கள். சென்ற மாதப் பாக்கி இருக்குமாயின், புதிய கார்டு வேண்டாம். ஓராண்டு தாமதித்துச் சென்றாலும், கடனின்றிச் செல்பவரே நிம்மதியாய்த் திரும்புவார்.