தடுக்கக்கூடிய மரணம்

2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 ஸ்திரீகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டதென்றும், சுமார் 80,000 பேர் அதனால் மாண்டனர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டது. காலராவோ பிளேக்கோ இத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருந்தால் தேசமே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். இதுவோ வெட்கத்தின் திரைக்குப்பின் நடப்பதால் கேட்பாரில்லை.

இந்நோயின் மூலம் பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹௌஸன் இவ்வுண்மையைக் கண்டறிந்து 2008-இல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவினால் தொற்றும் இக்கிருமி, ஒரே புருஷனுடன் வாழும் உத்தமியையும் விடாது. நடத்தைப் பழி சுமத்துவோர் ஒன்றை யோசிக்கட்டும்: ஆண்மகனும் இக்கிருமியைச் சுமக்கிறான், அவனுக்கோ பெரும்பாலும் எவ்விதக் குறியும் தெரிவதில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டொரு வருஷங்களில் அது தானே நீங்கிவிடும். நீங்காது நிலைத்துவிடும் சிலரிடமே, பதினைந்து இருபது வருஷங்கள் கழித்துப் புற்றாக முதிர்கிறது. அத்தனை அவகாசம் இருந்தும் நாம் உறங்குகிறோம்!

9 முதல் 14 வயதுக்குள் சிறுமியருக்கு ஊசி போடுவதே சிறந்த காப்பு. எனினும் ஜனங்களின் சந்தேகம் காரணமற்றதன்று. 2009-இல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில் நடந்த சோதனைத் திட்டத்தில், பெற்றோரைக் கேளாமல், விடுதிக் காப்பாளரின் கையெழுத்தையே சம்மதமாகக் கொண்டு மலைஜாதிச் சிறுமியர் பலருக்கு ஊசி போடப்பட்டது. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் பார்லிமெண்டுக் கமிட்டி அதைக் கடுமையாகக் கண்டித்தது. குற்றம் மருந்தினுடையதன்று, ஏழைகளின் சம்மதத்தைத் துச்சமாக எண்ணியவர்களுடையது. பெற்றோருக்கு விஷயத்தை விளக்கிய பின் 2018-இல் ஊசி போட்ட சிக்கிமில் 100-க்கு 90-க்கு மேற்பட்ட சிறுமியர் அதைப் பெற்றனர்.

வயதுவந்த ஸ்திரீகளுக்கு வேண்டுவது பரிசோதனை. திண்டுக்கல் ஜில்லாவில், அஸெடிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையைப் பயிற்சி பெற்ற நர்ஸுகளே ஒரு தடவை செய்ததில், இந்நோய் மரணங்கள் 100-க்கு 35 வீதம் குறைந்தன என்று 2007-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தமிழ்நாட்டிலேயே நிரூபணமான இம்முறைக்கு மாளிகை போன்ற ஆஸ்பத்திரிகள் தேவையில்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு சர்க்கார் 14 வயதுச் சிறுமியரின் ஊசிக்கென வரவு செலவுத் திட்டத்தில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியதை வரவேற்கிறோம். ஊசிக்கு முன், எளிய தமிழில் அச்சிட்ட விளக்கம் ஒவ்வொரு பெற்றோர் கையிலும் சேர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஓட்டுக் கேட்க வீடு வீடாக ஏறி இறங்கும் நமது தொண்டர்கள் இதற்கும் ஏறி இறங்கலாம். அதற்குமுன், தத்தம் இல்லத்தில் 30 வயது கடந்த ஸ்திரீகள் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று அவர்கள் விசாரிக்கட்டும்.