மறைத்து வைத்த சீட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

தாய்மை! எத்துணை இனிய சொல்! மேடைதோறும் அதைப் போற்றுகிறோம். ஆனால், தாயாகப் போகிறவளின் இதயத்தைப் பற்றி எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? உவமையாகச் சொல்லவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் துடிக்கிறதே, அந்த இதயத்தையே சொல்கிறேன்.

என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் தொண்டை வலி வந்தது. சில வாரங்களில் காய்ச்சல். ஒரு மூட்டு ஆறினால் மறு மூட்டு வீங்கியது. எங்கள் வீட்டில் அன்று படித்தவர் எவருமில்லை. 'வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி' என்று தைலம் தடவினார்கள். அரசு மருத்துவமனையில்தான் அது வாதக் காய்ச்சல் என்று தெரிந்தது. தொண்டையில் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவற்படையே இதய வால்வுகளையும் தாக்கிவிடும் நோய் அது. மீண்டும் வந்தால் வால்வு மேலும் சிதையும். ஆகவே, மூன்று வாரத்திற்கொரு முறை பென்சிலின் ஊசி போட்டு, அடுத்த தேதியைச் சீட்டில் குறித்துத் தருவார்கள்.

அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. 'தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும்' என்று வீட்டார் அஞ்சினர். சீட்டைத் தகரப் பெட்டியின் அடியில் மறைத்தவன் நான்தான். ஊசி நின்றது.

கருவுற்ற தாயின் உடலில் குருதியின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது, நாடியும் விரைகிறது. சுருங்கிய ஈரிதழ் வால்வு அத்தனை குருதிக்கும் வழிவிடாது. அது நுரையீரலில் தேங்கும். ஏழாம் மாதத்தில் அக்காவால் படுக்க முடியவில்லை. இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். 'பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்' என்றார்கள். குறைமாதத்தில், எடை குறைந்து பிறந்தது குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படி முடிவதில்லை.

2016 முதல் 2019 வரை, இதய நோயுள்ள தாய்மாரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்தனர். பாதிக்கும் மேற்பட்டவற்றில் கருவுற்ற பின்னரே நோய் தெரியவந்தது. அவற்றுள் வாதக் காய்ச்சலால் விளைந்த இதய நோயே முதலிடம் பெற்றது. அவர்களாவது அறியாதவர்கள். நாங்கள் அறிந்தும் மறைத்தோம்!

இந்நோயுள்ள பெண் தாயாகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவுறுமுன் வால்வைச் சோதித்து, வேண்டுமானால் பலூன் கொண்டு விரித்து, மருத்துவர் கண்காணிப்பில் நலமாகப் பிள்ளை பெற்றவர் பலர். பென்சிலின் ஊசியைக் கர்ப்ப காலத்திலும் போடலாம். மருந்து இருக்கிறது, மனம்தான் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இந்த ஓர் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. கேட்டுத் தாங்கவும் ஆளில்லை.

இன்று அந்தச் சீட்டு அக்கா வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தேதி பார்த்து நினைவூட்டுபவர் அத்தான்தான். சொல்லியிருந்தால் அன்றே நினைவூட்டியிருப்பார் அல்லவா?

நாளை மணமேடை ஏறப்போகும் நண்பர்களே! பெண் வீட்டார் தயங்கித் தயங்கி இப்படியொரு செய்தியைச் சொன்னால், எழுந்து போய்விடாதீர்கள். 'அடுத்த ஊசி எந்தத் தேதி?' என்று கேளுங்கள்.