பெரிய பாயா, பொருந்திய பாயா?



நம் பல்கலைக்கழகப் படகுக் குழுவுக்கு இவ்வாண்டு கருவிகள் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கின்றார்கள். விண்ட்சர்ஃபிங் என்று உலகம் வழங்கும் பாய்ப்பலகை ஓட்டத்துக்கே அதைச் செலவிடுவது என்பது முடிந்துவிட்ட பேச்சு. எதை வாங்குவது என்பதுதான் முடியாத பேச்சு. குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் நம் தமிழ் மன்றத்தார். நம் கைகள் எந்தப் பக்கம் உயர்கின்றனவோ அந்தப் பக்கமே முடிவும் சாயும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே என் கருத்தை இம்மலரில் வைக்கின்றேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அடுத்த மலரில் மறுத்து எழுதட்டும், வரவேற்பேன்.

கட்சிகள் இரண்டு. 9.5 சதுர மீட்டர் பாயும் 93 சென்டிமீட்டர் அகலப் பலகையும் கொண்ட ஒரே ஒரு பந்தயத் தொகுதியை வாங்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அதே பணத்தில், பிறர் பயன்படுத்தியவையாயினும் நல்ல நிலையிலுள்ள சிறிய கருவிகள் பலவற்றை வாங்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. இரு சாராரும் கூறும் நோக்கம் ஒன்றே: அலையடங்கிய ஏரி நீரில் வேகமாக ஓட வேண்டும். அந்த நோக்கத்தையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம்.

முதல் கட்சியாரின் ஆசை எங்கிருந்து பிறந்தது என்பதை நான் அறிவேன். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 செப்டம்பரில், ஈபாத் அலி ஆர்.எஸ்.எக்ஸ். வகைப் பாய்ப்பலகையில் வெண்கலப் பதக்கம் வென்றார். நாம் பயிலும் இதே போபாலில் பயின்றவர் அவர். போஜராசன் கட்டுவித்தான் என்று ஊரார் கூறும் பெரிய ஏரியின் கரையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பதக்கம் நம் நினைவில் மின்னுகின்றது. பதக்கம் பெற்றுத் தந்த கருவிதானே சிறந்த கருவி என்று நண்பர்கள் கேட்கின்றார்கள்.

எதற்குச் சிறந்தது என்பதல்லவா கேள்வி? ஆர்.எஸ்.எக்ஸ். என்பது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முதல், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை பயன்பட்ட வகை. மெல்லிய காற்றிலும் பந்தயம் நடக்க வேண்டும். காற்றை எதிர்த்தும் ஏற வேண்டும். காற்றோடும் இறங்க வேண்டும். அதற்காகவே அந்த அகலம். அதற்காகவே 66 சென்டிமீட்டர் ஃபின். அதற்காகவே நடுவில் இறக்கி ஏற்றும் தகடு. எல்லாத் திசைக்கும் எல்லாக் காற்றுக்கும் செய்த பலகை அது. நேர்கோட்டில், தட்டையான நீரில், மிகுந்த வேகம் என்ற ஒரே நோக்கத்துக்குச் செய்த பலகை அன்று.

அந்த ஒரே நோக்கத்துக்கென வாழ்பவர்கள் என்ன கருவியைக் கையாள்கின்றார்கள் என்று பாருங்கள். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியா நாட்டின் லூடெரிட்ஸ் என்ற ஊரில், காற்றின் திசைக்கு ஏற்ற கோணத்தில் ஒரு கால்வாயையே வெட்டியிருக்கின்றார்கள். கரை அருகில் இருப்பதால் அந்நீரில் அலை எழுவதில்லை. அங்கே 2015 நவம்பரில் பிரான்சு நாட்டு ஆந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்தார். மணிக்கு 98 கிலோமீட்டருக்கும் மேல்! ஆர்.எஸ்.எக்ஸ். பலகையின் அகலத்தில் பாதி அளவே உள்ள ஒடுங்கிய பலகைகளும், நம் மூத்தவர்கள் ‘குழந்தைப் பாய்’ என்று நகைக்கக்கூடிய சிறு பாய்களும் அங்கே ஓடுகின்றன. வேகம் கூடக் கூடக் கருவி சிறுக்கின்றது. ஏன்?

காரணம் எளியது. பாய்ப்பலகையின் பாய்மரம் படகில் உள்ளதுபோல் ஊன்றி நிற்பதில்லை. அடியில் எப்பக்கமும் வளையும் மூட்டு இருக்கின்றது. பாயைத் தாங்குவது ஓட்டுபவரின் உடலே. இடுப்புவாரைக் கொக்கியில் மாட்டி, உடலை நீரின் மேல் சாய்த்து, தம் எடையால் காற்றுக்கு எதிர் எடை கொடுக்கின்றார். அந்த எடை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பாயின் ஆற்றல் பயன்படும். அதற்கு மேல் உள்ள துணி வெறுஞ்சுமை. அதைத் திறந்துவிட்டுக் காற்றைச் சிந்த வேண்டும். சிந்தினால் வேகம் போயிற்று. 15 நாட் காற்றில் 80 கிலோ எடையுள்ள தோழருக்கு ஏறத்தாழ 7 சதுர மீட்டர் பாய் போதும். 60 கிலோ தோழருக்கு ஐந்தரை போதும். இருவருக்கும் ஒன்பதரையைக் கொடுத்தால் இருவரும் விழுவர்.

பலகையும் அப்படியே. காற்று பற்றியதும் பலகை நீரைப் பிளப்பதை விட்டு, நீரின் மேல் சறுக்கத் தொடங்குகின்றது. சறுக்கும்வரை அகலம் உதவும். சறுக்கிய பின் அகலமே பகை. மேலே எழும்பித் தத்தளிக்கும் பலகையைக் காலால் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். 60 கிலோ தோழர், பாய் 10 கிலோ, பலகை 8 கிலோ என்று கூட்டினால் 78 ஆகின்றது. 100 லிட்டர் பலகை அவரை மிதக்கவிட்டு, விழுந்தால் பாயைத் தூக்கி நிறுத்தவும் இடம் தரும். அதற்கு மேல் அவருக்கு வேண்டியதில்லை.

ஃபின்னை எவரும் நினைப்பதே இல்லை. பலகைக்கு அடியில், மீனின் துடுப்பைப் போல் நிற்கும் சிறு தகடு அது. காற்று பலகையைப் பக்கவாட்டில் தள்ளாமல் தடுப்பது அதுவே. வேகம் இரு மடங்கானால் ஃபின் தரும் விசை நான்கு மடங்காகின்றது. ஆகவே புறப்படும்போது அளவாக இருந்த நீளம், முழு ஓட்டத்தில் மிகையாகி, பலகையைப் புரட்டப் பார்க்கும். 40 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு 30ஐ மாட்டிப் பாருங்கள். அதே பலகை அடங்கி ஓடும். மிகவும் குறைத்துவிட்டாலோ பிடி விட்டுப் பின்புறம் வழுக்கும். மேலும் நம் ஏரியில் பாசியும் கொடியும் உண்டு. செங்குத்தான ஃபின் அவற்றை அள்ளிக்கொண்டு நிற்கும். பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் அவற்றை நழுவவிட்டுப் போகும். ஒரு புதுப் பாயின் விலைக்குப் பல ஃபின்கள் வாங்கலாம். வேகத்தை மலிவாக வாங்கக்கூடிய இடம் இதுவே என்பேன்.

மலிவிலும் மலிவு கயிறு. பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிற்றைப் போதுமான அளவு இழுக்காதவர்களே நம் குழுவில் பெரும்பாலோர். நன்றாக இழுத்தால் பாயின் மேற்பகுதி தளர்ந்து, வன்காற்று வரும்போது தானே திறந்து வழிவிடும். இழுக்காவிட்டால் காற்று முழுவதும் மேலே அறைந்து ஆளைக் கவிழ்க்கும். பழைய கயிறு வழுக்குகின்றது, கப்பி தேய்ந்துவிட்டது என்று கூறிப் பாதியில் விடுகின்றோம். புதுப் பாய் கேட்கும் முன் புதுக் கயிறு கேட்போமே!

“காற்றுக் குறைந்த நாளில் என்ன செய்வாய்?” என்று முதல் கட்சியார் கேட்பர். நியாயமான கேள்விதான். போபாலில் அத்தகைய நாட்கள் பல. ஃபாயில் என்னும் நீரடி இறக்கை பூட்டிய பலகையைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஓடியதும் அவ்வகையே. குறைந்த காற்றிலும் நீரைவிட்டு எழும்பிப் பறக்கின்றது; அதன் அழகை நானும் வியக்கின்றேன். ஆனால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு நீருக்குள் இறங்கும் கருவி அது. நாம் ஓட்டும் கரையோரத்தில் தரை தட்டும், கொடி சுற்றும், கற்றுக்குட்டி அதன் மேல் விழுந்தால் தோல் கிழியும். நன்கு பயின்ற நால்வர் உருவான பிறகு அதைப் பேசலாம். காற்றுக் குறைந்த நாட்களில், கழகத்தில் ஏற்கெனவே கிடக்கும் பழைய அகலப் பலகையில் திரும்பவும் நிற்கவும் பழகுவோம். வேகம் காற்றுள்ள நாளின் வேலை.

இனி, என் மனத்தை உறுத்துவதைக் கூறிவிடுகின்றேன். சென்ற பருவத்தில் நாம் இரவல் பெற்று ஓட்டியது பெரிய பாய் ஒன்றே ஒன்று. அதனால் என்ன நேர்ந்தது? 75 கிலோவுக்கு மேற்பட்ட மூவர் ஓட்டினார்கள். மற்றவர் கரையில் நின்றோம். நம் மன்றத்து மாணவியர் இருவர், ஐம்பது கிலோவும் இல்லாதவர், நீரில் கிடக்கும் அந்தப் பாயை நிறுத்தவே முடியாமல் அரை மணி நேரம் போராடினார்கள். “உங்களுக்கு வலு போதாது” என்று கரையிலிருந்து ஒருவர் கூறினார். அவர்கள் அதன் பின் வரவில்லை. வலு போதாமை அவர்களுடையதா? நாலரை சதுர மீட்டர் பாய் ஒன்று அங்கே இருந்திருந்தால் அச்சொல் பிறந்திருக்குமா? பொருந்தாத செருப்பைக் கொடுத்துவிட்டு, நடக்கத் தெரியாதவர் என்று பேசுவது போலன்றோ இது! ஒரு பெரிய தொகுதியை வாங்கினால் அதே மூவருக்கு வாங்கியதாகும். பணமோ எல்லா மாணவர்களும் கட்டிய பணம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இராமேசுவரம் தீவில் நின்றவர்கள் அறிவார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரளும். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம் கரையோர நீர் அடங்கிக் கிடக்கும். நிலத்தைக் கடந்து வரும் காற்றுக்கு அலை எழுப்பக் கரையோரத்தில் இடம் போதாது. ஏரியிலும் விதி அதுவே. காற்று எந்தக் கரையிலிருந்து வருகின்றதோ அந்தக் கரையோரமே தட்டையான நீர், அங்கேதான் வேகம். ஆனால் அங்கே பாய்மரம் முறிந்தால் காற்று நம்மை நடு ஏரிக்கே கொண்டுபோகும். ஆகவே ஓடுபவர் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையும், ஓட்டம் நடக்கும் நேரமெல்லாம் துணைப் படகும் இருந்தே தீர வேண்டும். ஒரே தொகுதிக்குப் பணம் முழுவதையும் கொட்டிவிட்டால் இவற்றுக்கு எங்கே போவோம்?

எனவே என் முன்மொழிவு இது. 100 லிட்டர் அளவில் ஒன்றும் 120 லிட்டர் அளவில் ஒன்றுமாக இரண்டு பலகைகள். நாலரை, ஐந்தரை, ஆறரை, ஏழரை சதுர மீட்டரில் நான்கு பாய்கள். நீள வேறுபாட்டோடு ஆறு ஃபின்கள். அவற்றுள் இரண்டு பாசிக்கு ஏற்ற சாய்ந்த வகை. பாய் எதற்குச் செய்யப்பட்டதோ அதே வளைவுள்ள பாய்மரங்கள். மரம் பொருந்தாவிட்டால் நல்ல பாயும் கோணும். புதுக் கயிறுகள், மிதவைச் சட்டைகள். எஞ்சிய பணத்தில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று. யார் வேகமாக ஓடினார் என்று கரையில் நின்று வாதாடாமல், 500 மீட்டருக்கு அளந்து, எந்தக் காற்றில், எந்தப் பாயில், எந்த ஃபின்னில் ஓடினார் என்று ஏட்டில் எழுதி வைப்போம். காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 120, 130 பாகை விலகி ஓடும்போதே மிகுந்த வேகம் கிட்டும் என்பதையும் அந்த ஏடு நமக்குக் காட்டிவிடும்.

வென்றவரின் கருவியை வாங்குவது எளிது. நமக்குப் பொருந்தும் கருவியைத் தேடி வாங்குவதற்கு நம் எடையையும், நம் நீரையும், நம் காற்றையும் அறிந்திருக்க வேண்டும். படித்தவர்கள் கூடியுள்ள குழு இரண்டாவதைச் செய்யும் என்றே நம்புகின்றேன். கூட்டத்துக்கு வரும் தோழர்கள், வராமல் நின்றுவிட்ட அந்த இரு மாணவியரையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் கை உயர்த்த உரிமை உண்டு.