ஒட்டக மலையில் ஒரு காலை

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

அந்த நகரைச் சுற்றிலும் சொனோரன் பாலைவனம். பாலைவனம் என்றால் மணல்மேடு என்றே நினைத்திருந்தேன். அங்கோ கல்லும் முள்ளும் புதரும். ஊர் நடுவே ஒட்டகம் மண்டியிட்டுப் படுத்ததுபோல் ஒரு மலை. பெயரும் ஒட்டக முதுகு மலைதான். உயரம் 824 மீட்டர்.

"அப்பா, தனியாப் போகாதீங்க. போயே ஆகணும்னா வெள்ளனப் போய் எட்டு மணிக்குள்ள திரும்பிடுங்க" என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு. பெரட்டுக்குப் போய், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே மேட்டுக்காட்டில் தனியாக மரம் வெட்டியவனிடமா இந்தப் பேச்சு? ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலோடு கிளம்பிவிட்டேன். அது மே மாதம். சூரியன் எழும் ஐந்தரை மணிக்குத்தான் பாதையைத் திறக்கிறார்கள். உச்சிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஆனால் அது நடை அல்ல, பாறை ஏற்றம். செங்குத்தான இடங்களில் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

வழியில் சவாரோ என்னும் கள்ளி மரங்கள் நிற்கின்றன. இந்தப் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. முதல் கிளை முளைக்கவே 50 ஆண்டுக்கு மேல் ஆகுமாம்! ஐந்தாறு வருடத்தில் பால் கொடுக்கும் நம் ரப்பர் மரத்தை நினைத்துக்கொண்டேன். மழை பெய்தால் அதன் உடம்பு ஆர்மோனியத் துருத்திபோல் விரிந்து தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும்; வறண்டால் மடிந்துகொள்ளும். உச்சியில் வெள்ளைப் பூ. இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் வாடிவிடும்.

ஒரு மணி நேரம் ஏறியிருப்பேன். சட்டை நனையவே இல்லை. 'நம் ஊரென்றால் இந்நேரம் பிழிந்தெடுக்கலாம். இங்கே வியர்வையே இல்லையே' என்று மகிழ்ந்தேன். அங்கேதான் ஏமாந்தேன். காற்றில் ஈரமில்லாததால் வியர்வை வெளிவந்ததும் ஆவியாகிறது. உடம்பு வற்றுவது உடம்புக்கே தெரிவதில்லை. திடீரென்று நாக்கு ஒட்டியது, தலை வலித்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. போத்தலைப் பார்த்தேன், பாதி காலி.

அடிவாரப் பலகையில் படித்திருந்தேன்: தண்ணீர் பாதி தீருமுன் திரும்பிவிடு. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் ஆளில்லை; விழுந்தால் தூக்க யாருமில்லை. இரண்டு நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு இறங்கினேன். மானம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, மறைப்பானேன்.

2023ஆம் ஆண்டு அந்த நகரில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. கடும் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் பகல் வேளையில் இந்தப் பாதையை நகராட்சியே மூடிவிடுகிறது. சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் இறக்கியதும் உண்டு. இதையெல்லாம் மகள் பிறகுதான் சொன்னாள்.

"உச்சியைப் பாத்தீங்களா அப்பா?" என்றாள்.

"பாத்தேன், கீழே இருந்து" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. துவைக்க வாங்கிய சட்டையைத் திருப்பிக் காட்டினாள். முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடுகள்.