நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த கருவிகள்

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பார். “அப்பா வாங்கின பழைய செட் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடக்குது. வைத்திருக்கலாமா, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?” நான் உடனே பதில் சொல்வதில்லை. “பின்பக்கம் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்பேன். சில படங்களைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

பழைய ஒலிக்கருவிப் பிரியர்களுக்கு என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சந்தைக்குப் போனால் அவர்களைப் பார்க்கலாம். இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த கருவி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவற்றில் பல, வீட்டு வரவேற்பறைக்காகப் பிறந்தவையே இல்லை. வானொலி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவை.

நிலையத்துக்குக் கருவி வாங்குபவர் பொறியாளர். அழகாக இருக்கிறதா, இனிமையாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. நாள் முழுக்க ஓடுமா? ஒலிவாங்கியில் வந்ததை அப்படியே சொல்லுமா? நடு இரவில் கெட்டுப்போனால் திறந்து சரிசெய்ய முடியுமா? இந்த மூன்றும்தான் அவருக்கு முக்கியம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கருவிகள் பேசிக்கொண்டிருப்பதற்கு இந்த மூன்று கேள்விகளே காரணம் என்று நினைக்கிறேன்.

குரலில் தேறிய பெட்டி

முதலில் என் செல்லப் பெட்டி. எல்எஸ்3/5ஏ என்று பெயர். பெயரைப் பார்த்தால் கார் எண் மாதிரி இருக்கும். எல்எஸ் என்றால் ஒலிபெருக்கி. மூன்று என்பது வெளிப்புற ஒலிபரப்புக்கான வகை என்று பிபிசி வைத்துக்கொண்ட கணக்கு. ஒலிபரப்பு வேனுக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை. எந்நேரமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்யவும் முடியாது. அந்தச் சிக்கலைத் தீர்க்க 1970களில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த சிறு பெட்டி இது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. புத்தக அலமாரியில் இரண்டு அகராதிகள் பிடிக்கும் இடம்.

அதைச் சோதித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பிபிசி ஆய்வுப் பிரிவில் அளவுக் கருவிகள் ஏராளம். ஆனாலும் அவர்கள் பெரிதும் நம்பிய சோதனை மனிதப் பேச்சு. ஒருவர் பேசுவதை நேரில் கேட்பார்கள். அதே குரலை ஸ்பீக்கர் வழியாகவும் கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வயலினையோ டிரம்ஸையோ வைத்து நம் காதை ஏமாற்றிவிடலாம். பேச்சை வைத்து ஏமாற்றுவது கடினம். பிறந்ததிலிருந்து நாம் கேட்டுவரும் ஒலி அது. ஒரு துளி மாறினாலும், “என்ன, சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்டுவிடுவோம்.

அந்த வரைபடத்தை பிபிசி பூட்டி வைக்கவில்லை. பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று வெவ்வேறு பெயர்ப்பலகையோடு ஒரே பெட்டி வெளிவந்தது. இந்தப் பெயர்களில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. பிபிசி பொறியாளர் ஸ்பென்சர் ஹியூஸ் தம் பெயரையும் மனைவி டோரதி பெயரையும் சேர்த்து வைத்தது ஸ்பெண்டார். அங்கேயே வேலை செய்த டட்லி ஹார்வுட் தம் பெயரோடு மனைவி எலிசபெத்தின் பெயரை ஒட்டவைத்தது ஹார்பெத். கணவன்மார் வேலை நேரம் போக மீதி நேரத்திலும் பெட்டி செய்துகொண்டிருந்தால், பெயரிலாவது மனைவிக்குப் பங்கு கொடுக்கத்தானே வேண்டும்!

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பெட்டியில் உறுமி மேளம் கேட்க நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆழமான ஒலி அதற்கு வராது. வீடு அதிர வைக்கவும் முடியாது. ஆனால் பி. சுசீலா பாடும்போது அவர் மூச்சு எடுக்கும் இடம் கேட்கும். இரவு பத்து மணிக்குச் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பவர்களுக்கு அது போதும்.

காத்திருக்காத தட்டுகள்

அடுத்தது இசைத்தட்டு சுழற்றும் கருவிகள். வீட்டில் பாட்டு இரண்டு விநாடி தாமதமாகத் தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. வானொலியில் இரண்டு விநாடி மௌனம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். அந்தப் பயத்தில் பிறந்தவை இந்தக் கருவிகள்.

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் செய்த காரர்ட் 301, 1950களின் நடுவில் வந்தது. பிபிசியும் பயன்படுத்தியது. மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்றும்; அந்தச் சக்கரம் கனமான தட்டைச் சுற்றும். எந்திரம் என்றால் அவ்வளவுதான். ஜெர்மானிய வானொலி நிலையங்களில் இஎம்டி 930 இருந்தது. அதில் கீழ்த்தட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் லேசான தட்டை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார்கள். விட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பாட்டு பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஜப்பான் வந்தது. 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10. பெல்ட்டும் இல்லை, ரப்பர் சக்கரமும் இல்லை. மோட்டாரின் அச்சிலேயே தட்டு. 1972இல் அதன் தம்பி எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த எம்கே2 தட்டு, நின்ற நிலையிலிருந்து சரியான வேகத்தை எட்ட 0.7 விநாடிதான் எடுக்கும். 2010இல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள், கேட்டவர்கள் விடவில்லை, 2016இல் புதிய வடிவில் திரும்ப வந்தது.

இவற்றோடு ஒரு சின்னப் பொருளையும் சொல்ல வேண்டும். டெனான் டிஎல்-103. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கி ஓடும் கார்ட்ரிட்ஜ். ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்எச்கேயுடன் சேர்ந்து, ஒலிபரப்புக்காக 1960களின் முற்பகுதியில் உருவாக்கியது. 1970இல்தான் பொதுமக்கள் கையில் கிடைத்தது. இன்றும் செய்கிறார்கள். தாத்தா வாங்கியதையே பேரனும் புதிதாக வாங்க முடிகிற பொருள் இந்தக் காலத்தில் வேறு எத்தனை இருக்கிறது?

நம் ஊர்க் காற்றும் மின்சாரமும்

இவ்வளவு புகழும் குளிர் நாடுகளில் எடுத்த பெயர். நம் ஊரில் அவற்றுக்கு மூன்று எதிரிகள்.

முதல் எதிரி ஈரக்காற்று. கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட், தார் போல உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பு நுரையால் ஆனது என்றால், தொட்டதும் பொடியாகக் கொட்டும். எல்எஸ்3/5ஏ போன்றவற்றில் அந்த விளிம்பு ரப்பர். அதனால்தான் நம் வெப்பத்திலும் அவை பிழைத்திருக்கின்றன. இரண்டாவது எதிரி பல்லி. ஆம்ப்ளிபையருக்குள் இதமான சூடு இருக்கும். உள்ளே போன பல்லி, மின்சாரத்தில் பட்டுத் தானும் செத்து, ஆம்பையும் கொன்றுவிடும். பழுதுபார்ப்பவர்களைக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு பல்லிக் கதை வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, மின்சாரம். இங்கிலாந்துக் கருவிகளுக்கு நம் மின்சாரம் ஒத்துப்போகும். மூன்று முள் பிளக்கும் அதே. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. பழைய சரக்காக இங்கே வந்து இறங்கும் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால், பாட்டு வராது, புகைதான் வரும். பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

மகளுக்குத்தான் தெரியும்

இவை எல்லாவற்றையும் சரிசெய்யலாம். பழைய கருவியைத் திறந்தால் திருகாணி இருக்கும், பசை இருக்காது. மின்சுற்றின் வரைபடம் கையேட்டிலேயே இருக்கும். கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் போய் மாற்று வாங்கலாம். கிடைக்காமல் போவது ஆள்தான்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு சீன அங்கிள் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்த இழுப்பறையில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் பிறகு அந்தக் கடையைத் திறக்க ஆள் இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் நேயர் ஒருவரை அவரிடம் அழைத்துப் போனேன். அந்த அக்காவிடம் ஒரு கேசட் இருந்தது. அவருடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ்நாட்டில் இருந்த தங்கைக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவுசெய்து அனுப்பிய கேசட் அது. எழுதப் படிக்கத் தயங்கியவர்கள் அந்தக் காலத்தில் இப்படிக் குரலையே அனுப்பிக்கொண்டார்கள். அத்தை இறந்த பிறகு அவர் பிள்ளைகள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் நிலையத்தில் கேசட் ஓட்டும் கருவியே இப்போது இல்லை. எல்லாம் கணினிக் கோப்புகள்.

அங்கிள் தம் டெக்குக்குப் புது பெல்ட் போட்டு, தலையைத் துடைத்து, கேசட்டை ஓட்டினார். குரல் வந்தது, ஆனால் சின்னப் பையன் குரல் மாதிரி கீச்சென்று வேகமாக ஓடியது. அக்காவின் முகம் வாடிவிட்டது. அங்கிள் சிரித்தார். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கிப்போயிருக்கும். டேப் மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கும். சரியான வேகத்தில் ஓட்டினால் இப்படித்தான் கேட்கும் என்று மலாயில் விளக்கினார். மோட்டாரின் பின்னால் இருக்கும் சின்னத் துளைக்குள் திருப்புளியை விட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எவ்வளவு குறைக்க வேண்டும்? எந்த அளவுக் கருவியும் அதைச் சொல்லாது. “நீதான் சொல்லணும்” என்று அக்காவைப் பார்த்தார்.

குரல் மெல்ல இறங்கி வந்தது. “இன்னும் கொஞ்சம் அங்கிள்... இன்னும் கொஞ்சம்...” என்றவர், ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “இதுதான். இதுதான் எங்கப்பா.” ‘இன்று மழை, வேலை இல்லை, அதனால் உட்கார்ந்து பேசுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். பின்னால் எங்கோ சேவல் கூவியது. நான் என் கைப்பதிவுக் கருவியில் அதைப் பதிவுசெய்து கொடுத்தேன்.

பிபிசி பொறியாளர்கள் செய்த சோதனையும் இதேதான். அசல் குரலை அறிந்த ஒரு காது வேண்டும். அந்தக் காது ‘இதுதான்’ என்று சொல்லும்வரை காத்திருக்கும் கை வேண்டும். அந்தக் குரலை அறிந்தவர்களுக்கும் வயதாகிறது. அந்தக் கைக்கும் வயதாகிறது. நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

ஆகவே, ஸ்டோர் ரூமில் செட் வைத்திருப்பவர்களுக்கு என் பதில். உடனே பிளக்கைச் செருகாதீர்கள். பல ஆண்டு சும்மா கிடந்த கருவியை முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து பாருங்கள். பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். கசிந்து உள்ளே அரித்துவிடும். ஒலியளவுக் குமிழ் கரகரத்தால் துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். மின்தொடர்பு துடைக்கும் ஸ்பிரே தனியாக விற்கிறது. கையேட்டைக் குப்பையில் போடாதீர்கள். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். கருவிக்கும், அடுத்த கேசட்டுக்கும் அது பரவும்.

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் இருக்கும் கேசட்டுகளில் பாட்டு எது, பேச்சு எது என்று பிரித்து வையுங்கள். பாட்டு எப்போதும் எங்கேயாவது கிடைக்கும். பேச்சு இருப்பதை இந்த மாதமே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது, அந்தக் குரலை நன்றாக அறிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.