சொல்ல விடுங்கள்!



உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ பணிபுரிவோர் "நமக்கேன் வம்பு?" என்று வாய்மூடி இருக்கின்றனரா? அவர்களுக்கு யோசனையே தோன்றாது என முடிவுகட்டிவிடாதீர்கள். முன்பு சொன்னபோது யாரேனும் சிரித்திருக்கலாம்.

அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில், 1968இல் ஸ்பென்சர் சில்வர் என்னும் வேதியியலாளர் வலுவான பசையொன்றைத் தயாரிக்க முனைந்தார். கிடைத்ததோ, ஒட்டியதை எளிதில் உரித்தெடுக்கத்தக்க மெலிந்த பசை! நம்மூர் முதலாளிகளுள் பலர் அன்றே அதைக் கொட்டச் சொல்லியிருப்பர். சில்வரோ அதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். அதன் பயன் எவருக்கும் புலப்படவில்லை. 1974இல் ஆர்ட் ஃப்ரை என்னும் ஊழியருக்கு, தேவாலயப் பாடல் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் நழுவி விழுவது தொல்லையாயிற்று. சில்வர் சொல்லக் கேட்டிருந்த பசை நினைவுக்கு வந்தது. ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாள் பிறந்தது இவ்வாறுதான். 1980இல் அமெரிக்கா முழுவதும் அது விற்பனைக்கு வந்தது.

பணி நேரத்தில் 15 விழுக்காடு வரை சொந்த யோசனைகளுக்குச் செலவிட அந்நிறுவனம் இசைவளித்திருந்தது. சிறு கடைக்கு அது இயலாது. வாரத்தில் அரைமணி நேரம் கூடி அமர்ந்தாலே போதும். முதலாளி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவர். ஆகவே இளையவரை முதலில் பேசவிட்டு, நீங்கள் கடைசியில் பேசுங்கள். ஏற்க இயலாததைக் காரணம் கூறி மறுத்துவிடுங்கள். பலித்த யோசனை கடைப் பையனுடையதாயின், நாலு பேர் முன்னிலையில் அவன் பெயரையே சொல்லுங்கள்; மருமகன் சொன்னதாக மாற்றிவிடாதீர்கள்!